500 பிரதியா, கேட்டால் மட்டும் அச்சா, கிண்டிலா? குமரியில் சொந்தமாகப் புத்தகம் போடுவோருக்கு

நம் மாவட்டத்தில் பதிப்பகம் இல்லாமல் இல்லை. காலச்சுவடு நாகர்கோவிலில் இருந்துதான் நடக்கிறது. ஆனால் நல்ல பதிப்பகம் எதுவானாலும் வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்றுதான் எடுக்கும். ஊர் வரலாறு, முதல் கவிதைத் தொகுப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியரின் அனுபவங்கள் போன்றவை பெரும்பாலும் வரிசையிலேயே நின்றுவிடும். சரி, நாமே போட்டுவிடலாம் என்று இறங்குபவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. நான்காவது ஒன்று தானாகவே போன் போட்டு வரும்.

பழைய வழி ஆஃப்செட், அதாவது பக்கங்களைத் தகட்டில் (பிளேட்) ஏற்றி மொத்தமாக அச்சடிப்பது. பிளேட் போடும் செலவு 100 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் ஒன்றுதான் என்பதால், எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். “ஆயிரமாப் போட்டிருங்க சார், ரேட்டு குறையும்” என்று அச்சகத்தில் சொல்வது பொய்யல்ல. விற்காத பிரதியைப் பற்றி மட்டும் அவர்கள் பேசமாட்டார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது. பரணில் ஏற்றிய கட்டு ஒரே வருடத்தில் ஈரம் குடித்து, அட்டை சுருண்டு, கறையானுக்கும் வழிவிட்டுவிடும்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 160 பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை 200 ரூபாய், கடைக்காரருக்குக் கழிவு 35 சதவீதம், அடக்கம் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது பிரதிக்கு 50 ரூபாய். அதுவும் கடைக்காரர் விற்ற பணத்தைத் தந்தால்தான். வெளியீட்டு விழாவில் நேரடியாக விற்றால் கழிவு மிச்சம். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு மண்டபம் பிடித்து, நாலு பேரைப் பேசவைத்து, வாசலில் மேசை போட்டு விற்பது இன்னும் நடக்கிற காரியம்தான். மேடை வாடகையும் பொன்னாடையும் அந்த லாபத்தைத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். “அண்ணாச்சி, நமக்கு ஒரு காப்பி சும்மா தரப்பிடாதா?” என்று வருகிற சொந்தக்காரர்களுக்கு என்றே ஒரு கட்டைத் தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது.

இரண்டாவது, ஆர்டர் வந்தால் மட்டும் அச்சிடுவது. சென்னையில் நோஷன் பிரஸ், பெங்களூரில் போத்தி போன்றவை இதைச் செய்கின்றன. புத்தகத்தின் கணினிக் கோப்பை அவர்கள் தளத்தில் ஏற்றிவிட்டால், ஒருவர் வாங்கும்போது ஒரு பிரதி அச்சாகி அவர் வீட்டுக்குப் போய்விடும். பரணுக்கு வேலை இல்லை. ஆனால் ஒரு பிரதியின் அடக்கம் ஆஃப்செட்டைவிடக் கூடுதல், அதனால் விலையும் ஏறும். இன்னொன்று, வாங்குபவர் ஆன்லைனில் வாங்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நாகர்கோவில் கோட்டாறு பற்றிய புத்தகத்தைத் தேடிப் படிக்கும் எழுபது வயதுக்காரர் கார்டு நம்பர் அடித்து வாங்குவார் என்று நான் நம்பவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் 50 அல்லது 100 பிரதி மட்டும் போடுவது. ஊர் வரலாறு எழுதினால் முதல் கட்டு போன கையோடு “எங்க தாத்தா பேரு விட்டுப்போச்சே” என்று போன் வரும், வருடம் தவறு என்று இன்னொருவர் பழைய பத்திரத்தோடு வந்து நிற்பார். திருத்தி அடுத்த 100 போடலாம். 1,000 போட்டவருக்குப் பிழைதிருத்தப் பட்டியல் ஒட்டுவதைத் தவிர வழி கிடையாது. சொந்தமாகப் போடுவதில் எனக்குப் பிடித்த பலனே இந்தப் போன்கள்தான்.

மூன்றாவது வழியான கிண்டிலுக்கு, அதாவது அமேசானின் மின்நூல் தளத்துக்கு வருவோம். அமேசானில் தமிழ் மின்நூல்கள் 2016 இறுதியில் வந்தன. ஏற்றுவதற்குக் காசு இல்லை. துபாயிலும் குவைத்திலும் இருக்கிற நம்மூர்க்காரர்களுக்கு அஞ்சல் செலவில்லாமல் போய்ச்சேரும். தொடர்கதை, துப்பறியும் கதை, காதல் கதை எழுதுபவர்களுக்கு இதுதான் களம். ராயல்டி 70 சதவீதம் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்திய விற்பனைக்கு அது கிடைக்க அமேசானின் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்நூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக ஏற்றிவைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அச்சுப் பிரதியை விற்க மட்டும் தடையில்லை.

அப்புறம் எழுத்துரு. பழைய டிடிபி (கணினிப் பக்க வடிவமைப்பு) எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு அச்சுக்குப் போதும், கிண்டிலுக்கு ஆகாது. எல்லாக் கருவியிலும் படிக்க முடிகிற பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி, முழுப் புத்தகத்தையும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டிவரும். முதலிலேயே யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, சில நிறுவனங்கள் போன் போட்டு விற்கும் ‘பேக்கேஜ்’. எடிட்டிங், அட்டை, ஐ.எஸ்.பி.என்., உலகளாவிய விநியோகம், ஒரு விருது, எல்லாம் சேர்த்து ஒரே தொகை. இதில் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருவது. ஆன்லைனில் நாமே விண்ணப்பிக்கலாம். உலகளாவிய விநியோகம் என்பது பெரும்பாலும் ஆன்லைன் கடைகளில் ஒரு பக்கம் திறப்பதுதான். ‘100 சதவீத ராயல்டி’ என்றால் அடக்கமும் கழிவும் போக மிஞ்சுவதில் 100 சதவீதம். உரிமை யார் பெயரில், அச்சுக் கோப்பு என் கைக்கு வருமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் குழைந்தால் நாகர்கோவிலிலேயே ஒரு டிடிபிகாரரையும் நல்ல தமிழாசிரியரையும் பிடித்துக்கொள்வது மலிவு.

அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையை நம்பிப் பிரதி எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், அது வரும்போது வரட்டும். ஆனால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்குப் பதிப்பாளர் தன் செலவில் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும். பதிப்பாளர் இப்போது நீங்கள்தான். அச்சகத்தில் எண்ணிக்கை சொல்லும்போது அந்த 4 பிரதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.