ஒரு கபடிக் கதைப் புத்தகம்: ஆட்டம் பேசுகிறது, பி.டி. வாத்தியார் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார்

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான கதை, 64 பக்கம். மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளி அணி, தங்களுக்குள் பேச்சு நின்றுபோன இரண்டு பையன்கள், ஒரு போட்டி. இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் கபடியின் விதிகளையே கதையின் முடிச்சாகப் போட்டிருக்கிறார்கள்.

கபடியில் அவுட்டானவன் தன் அணி புள்ளி எடுத்தால்தான் உள்ளே வரலாம், அதுவும் அவுட்டான வரிசையில். எதிரணிப் பக்கத்துக் கோட்டைத் தாண்டிக் கால் ஊன்றி எடுக்கும் போனஸ் புள்ளிக்கு யாரும் திரும்ப முடியாது. நான்காம் அத்தியாயத்தில் ரெய்டு போகிறவன் (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன்), எதிரே ஏழு பேர் நிற்க, பின்காலைத் தூக்கி முன்காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றிவிட்டு ஓடி வந்துவிடுகிறான். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற கார்னர்காரனை (ஓரத்தில் நிற்கும் எதிரணி ஆள்) தொட்டிருந்தால் வெளியே உட்கார்ந்திருக்கும், பேச்சு விட்ட கூட்டாளி உள்ளே வந்திருப்பான். புள்ளி ஏறுகிறது, அவன் உட்கார்ந்தே இருக்கிறான். அந்தப் பக்கத்தில் ஒரு வசனம் கிடையாது. கபடி ஆடும் பிள்ளைக்குத் தேவையும் இல்லை.

செயின் பிடிக்கும் இடமும் அப்படித்தான். முகம் கொடுத்துப் பேசாத இருவரும் கைகோத்து நிற்க வேண்டும். ஒருவன் முந்திப் பாய்ந்தால் பிடி அறும், அந்தச் சந்தில் ரெய்டர் நழுவிவிடுவான். ரெய்டுக்கு 30 நொடிதான் என்பதால் அந்தப் பத்திகளும் குட்டை வாக்கியங்களில் மூச்சு வாங்க ஓடுகின்றன. வகுப்பில் வாய்விட்டுப் படிக்க ஏற்றவை.

சறுக்கல் கடைசி ஆட்டத்தில். எதிரணியில் ஐந்து பேர் மட்டும் நிற்கும்போது போனஸ் கொடுத்துவிடுகிறார் நடுவர். ஆறு பேராவது இல்லாமல் போனஸே கிடையாது. வெற்றி அந்த ஒரு புள்ளியில் நிற்பதால், ஆட்டம் தெரிந்த பிள்ளை சிரித்துவிடும். இன்னொன்று, ஐப்பசியில் அறுத்த வயலில் போட்டி நடக்கிறதாம்! சம்பா நெல் அறுப்பு தை, மாசியில். முந்தைய போகமான குறுவை அறுத்த வயலும் ஐப்பசியில் மழையிலும், அடுத்த போகமான தாளடி நடவிலும் சேறாகக் கிடக்கும். மாசி என்று மாற்றினால் போதும். (உளுந்து தெளித்த வயலில் யாரும் ஆட விடமாட்டார்கள், அது வேறு.)

ஒற்றுமை பற்றி பி.டி. வாத்தியார் இரண்டு பக்கம் பேசுவதைத் தாண்டிப் போகலாம். நான்காம் அத்தியாயம் சொல்லாத எதையும் அவர் சொல்லவில்லை.

புத்தகத்தின் நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின் மட்டும் அடித்திருப்பதால் நாலு கை மாறினால் அட்டை பிய்ந்துவிடும். பள்ளி நூலகத்துக்கு வாங்குவோர், கொடுப்பதற்கு முன்பே மடிப்பில் நூல் கோத்துத் தைத்துவிடுவது நல்லது.