கோல்ஃப் கிளப்பில் கொலை: மூன்று துப்பறிவாளர்களில் யாரை நம்பி உட்காரலாம்?

துப்பறியும் கதைக்குக் கோல்ஃப் மைதானத்தைப் போல வசதியான இடம் அதிகம் இல்லை. பதினெட்டுக் குழிகள், நூறு ஏக்கருக்கு மேல் நிலம், இடையிடையே மரத்தோப்பும் மணல் பள்ளமும் குளமும். ஆட்டக்காரர்கள் இரண்டு பேராகவோ நான்கு பேராகவோ சிதறி நடப்பார்கள். ஒவ்வொருவர் பையிலும் அதிகபட்சம் 14 மட்டைகள் இருக்கலாம். பெரும்பாலானவற்றின் தலை உலோகம். யார் எத்தனை மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கினார் என்பது கிளப்பில் பதிவாகியிருக்கும். ஆனால் தொலைந்த பந்தைத் தேடித் தோப்புக்குள் போனவர் அங்கே என்ன செய்தார் என்பதற்குப் பதிவு கிடையாது. 2019 வரை பந்து தேட ஐந்து நிமிடம் அனுமதி இருந்தது, இப்போது மூன்று நிமிடம்தான். கொலைக்கு அந்த ஐந்து நிமிடம் தாராளம்.

இந்த வசதியைத் தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்கள் எப்படிப் பயன்படுத்தியிருக்கின்றன என்று பார்க்க மூன்று அத்தியாயங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, மிட்சோமர் மர்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் தொடரில் 2009-இல் வந்த 'தி டாக்லெக் மர்டர்ஸ்'. இரண்டாவது, அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவாக டேவிட் சூஷே நடித்து 1996-இல் வந்த 'மர்டர் ஆன் தி லிங்க்ஸ்'. மூன்றாவது, கொலம்போ என்ற போலீஸ் துப்பறிவாளரைப் பற்றிய அமெரிக்கத் தொடரில் 1971-இல் வந்த அத்தியாயம் 'டெத் லெண்ட்ஸ் எ ஹேண்ட்'. கொலையாளி யார் என்பதை முதல் இரண்டில் சொல்லப் போவதில்லை. கொலம்போவில் அதை மறைக்கத் தேவையே இல்லை, தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள்.

புவாரோவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அகதா கிறிஸ்டியின் மூல நாவல் 1923-இல் வெளியானது. தென்னமெரிக்காவில் பணம் சேர்த்த ரெனோ என்பவர் பிரான்சில் ஒரு கடற்கரை ஊரில் குடியிருக்கிறார். அவருடைய உடல் கோல்ஃப் மைதானத்தில் தோண்டிய குழியில் கிடைக்கிறது. கோல்ஃபுக்கு அங்கே கிடைக்கும் வேலை அவ்வளவுதான். கிளப் உறுப்பினர்கள் சந்தேக வளையத்துக்குள் வருவதில்லை, ஆட்டத்தின் விதியோ பழக்கமோ துப்பாக மாறுவதில்லை. படத்தைத் தாங்குவது புவாரோவுக்கும் பிரெஞ்சுத் துப்பறிவாளர் ழிரோவுக்கும் நடக்கும் போட்டிதான். தொலைக்காட்சி வடிவத்தில் புவாரோ தன் மீசையைப் பந்தயம் வைக்கிறார், ழிரோ தன் பைப்பை வைக்கிறார். ரசிக்கத்தக்க படம்தான். ஆனால் அந்த உடல் ஒரு பூங்காவில் கிடைத்திருந்தாலும் கதையில் பெரிய மாற்றம் வந்திருக்காது.

கொலம்போ வேறு வழியில் போகிறது. பிரிமர் ஒரு பெரிய தனியார் துப்பறியும் நிறுவனத்தின் தலைவர். பத்திரிகை முதலாளி ஒருவர் தன் மனைவியைக் கண்காணிக்கச் சொல்லி அவரை அமர்த்துகிறார். மனைவிக்கு ஒரு கோல்ஃப் பயிற்சியாளரோடு உறவு இருப்பதைப் பிரிமர் கண்டுபிடிக்கிறார். அதைக் கணவரிடம் மறைத்துவிட்டு, அந்த ரகசியத்தை வைத்து மனைவியை மிரட்டுகிறார். அந்தப் பெண் பணிய மறுக்கும்போது பிரிமர் ஆத்திரத்தில் அடித்துவிடுகிறார், அந்தப் பெண் இறந்துவிடுகிறார். பிரிமராக நடிக்கும் ராபர்ட் கல்ப்பின் மூக்குக்கண்ணாடியில் அடுத்தடுத்த காட்சிகள் பிரதிபலிப்பதாக எடுத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே இதைப் பார்க்கலாம். திரைக்கதை எழுதிய லெவின்சன், லிங்க் இருவருக்கும் எம்மி விருது கிடைத்தது. முழுத் தகுதியோடு கிடைத்த விருது.

கொலை கிளப்பில் நடப்பதில்லை. இருந்தாலும் கிளப் என்றால் என்ன என்பது இந்தக் கதைக்குத் தெரியும். பயிற்சியாளர் பணக்காரர்களோடு தினமும் பழகுபவர், ஆனால் அவர்களில் ஒருவர் அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். கசங்கிய மழைக்கோட்டோடு அந்தப் புல்வெளிக்கு வரும் கொலம்போவும் (பீட்டர் ஃபால்க்) அங்கே வெளியாள்தான். அந்த இருவரும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் வர்க்க வேறுபாட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனாலும் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது.

சரி, மிட்சோமர். இங்கேதான் கிளப்பே கதையாகிறது. வொயிட்ஓக்ஸ் என்ற மேட்டுக்குடி கோல்ஃப் கிளப்பில் கொலைகள் நடக்கின்றன. போலீஸ் அதிகாரிகளான பார்னபியும் (ஜான் நெட்டில்ஸ்) ஜோன்ஸும் (ஜேசன் ஹியூஸ்) விசாரிக்கப் போகிறார்கள். டாக்லெக் என்பது நடுவில் ஒரு பக்கமாக வளைந்து போகும் ஆட்டத்தடம். பந்தை அடிக்கும் இடத்திலிருந்து பார்த்தால் குழி இருக்கும் பசும்பரப்பு பெரும்பாலும் தெரியாது. முன்னால் போனவர்கள் வளைவைத் தாண்டிவிட்டால் பின்னால் வருபவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார்கள். பட்டப்பகலில், திறந்த வெளியில், சாட்சி இல்லாத ஓர் இடம்! பூட்டிய அறைக்குள் நடக்கும் கொலையைவிட இது எனக்கு அழகாகப் படுகிறது.

அதைவிட முக்கியம் உறுப்பினர் வட்டம். இப்படிப்பட்ட கிளப்பில் சேரப் பணம் மட்டும் போதாது. ஏற்கெனவே உள்ளவர் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், குழு ஒப்புக்கொள்ள வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்பதை மனிதர்களே தீர்மானிக்கும் இடத்தில் பகை தானாக வளரும். இது திரைக்கதைக்காக ஊதிப் பெருக்கிய விஷயம் இல்லை. இந்த அத்தியாயம் வந்தபோது செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பில் பெண்கள் உறுப்பினராக முடியாது. 2014-இல்தான் அதை மாற்றி வாக்களித்தார்கள். ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்ட் கோல்ஃப் கிளப்பில் 2016 வாக்கெடுப்பில் பெண்களைச் சேர்க்கும் தீர்மானம் தோற்றது, அடுத்த ஆண்டு மறுபடி வாக்கெடுத்துத்தான் நிறைவேறியது.

அப்புறம் ஹேண்டிகேப். ஆட்டக்காரர் கணக்கில் கொடுக்கும் மதிப்பெண்களை வைத்து அவர் திறமையை அளந்து, பலவீனமானவருக்குச் சலுகை தரும் முறை இது. முழுக்க நாணயத்தை நம்பி நடக்கிறது. வேண்டுமென்றே மோசமாக ஆடிச் சலுகையை ஏற்றி வைத்துக்கொண்டு பந்தயத்தில் ஜெயிப்பவர் நிஜ கிளப்புகளிலும் உண்டு. அங்கே ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வது மிகப் பெரிய அவமானம். கொலைக்கான காரணத்தை ஆட்டத்துக்குள்ளிருந்தே எடுக்கலாம் என்கிற இந்த வாய்ப்பு வேறு பல விளையாட்டுகளில் இவ்வளவு இயல்பாக அமைவதில்லை.

மிட்சோமரின் குறைகளும் எனக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரத்துக்குப் பாத்திரங்கள் அதிகம், பெயர்கள் குழம்பும். பணக்கார உறுப்பினர்களின் அகம்பாவத்தைத் தடித்த கோடாகத்தான் வரைகிறார்கள். கொலம்போவில் உள்ள நுணுக்கம் இதில் இல்லை. நடிப்பையும் எழுத்தையும் மட்டும் எடை போட்டால் மூன்றில் முதலிடம் கொலம்போவுக்குத்தான், தயக்கமே இல்லை. ஆனால் 'கோல்ஃப் கிளப் கொலை' என்று கேட்டு வருபவருக்கு நான் கொடுப்பது மிட்சோமரை. மைதானத்தை அகற்றினால் விழுந்துவிடும் கதை மூன்றில் அது ஒன்றுதான்.

மூன்றையும் பார்ப்பதாக இருந்தால் கொலம்போவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்த வேகத்துக்குப் பழகியபின் மிட்சோமர் இழுப்பதாகத் தோன்றும், அது அந்த அத்தியாயத்துக்கு நியாயமாக இருக்காது.