கிரோமாக்ஸ்: எண்ணெய்க்கு அருமை, கல்லுக்கு நாம்தான் மெனக்கெட வேண்டும்

கச்சா எண்ணெய் பாறையில் எப்படி ஒட்டுகிறது, உப்புநீர் வந்தால் ஏன் சில இடத்தில் விடுகிறது, சில இடத்தில் விட மறுக்கிறது என்பதை மூலக்கூறு அளவில் பார்க்க, அணுக்களின் அசைவைக் கணினியில் ஓட்டிக் காட்டும் கிரோமாக்ஸ் எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து எடுங்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 1990களில் தொடங்கிய மென்பொருள், இப்போது பெரும்பாலும் ஸ்வீடனில் வளர்கிறது, காசு கிடையாது. வேகத்தில் குறையே சொல்ல முடியாது. நல்ல கேமிங் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) ஒன்று இருந்தால் சில பத்தாயிரம் அணுக்கள் உள்ள மாதிரிப் பெட்டியில், அணுக்களின் நேரத்தில் நூறு நானோசெகண்டுக்குப் பக்கமாக ஒரு நாளில் ஓட்டிவிடும்.

தலைவலி கல்லில்தான். இது புரதங்களுக்காகப் பிறந்தது, பாறையில் இருக்கும் கயோலினைட் என்ற களிமண் கனிமம் என்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. களிமண் அணுக்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கும், தள்ளும் என்று சொல்லும் கிளேஎஃப்எஃப் அளவுருக்களை நாமே டோப்பாலஜி ஃபைலில் (அணுக்களையும் பிணைப்புகளையும் விவரிக்கும் கோப்பு) ஏற்ற வேண்டும். அதில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும்தான் எழுத வேண்டியிருக்கும், மற்றதெல்லாம் மின்சுமையும் வான் டெர் வால்ஸ் விசையும் (பிணைப்பில்லாத அணுக்களுக்கு இடையிலான மெல்லிய விசை) பார்த்துக்கொள்ளும் என்பதால் பயந்த அளவுக்கு வேலை இல்லை. மாட்டிவிடுவது வேறு இடம்: இரண்டு வேறு அணுக்கள் சந்தித்தால் அவற்றின் சிக்மாவை (அணுவின் பருமனைச் சொல்லும் எண்) கலந்து ஒன்றாக்க வேண்டும். எண்ணெய்க்குப் போடும் ஓபிஎல்எஸ் அளவுருக்கள் அதைப் பெருக்கல் சராசரியாகக் கலக்கும், கிளேஎஃப்எஃப் கூட்டல் சராசரியாகக் கலக்கும், கிரோமாக்ஸோ ஒரு டோப்பாலஜிக்கு ஒரே விதியைத்தான் ஏற்கும். எண்ணெய் அணுவும் கல் அணுவும் சேரும் குறுக்கு ஜோடிகளைக் கையால் எழுதாமல் விட்டால் ஒரு எச்சரிக்கைகூட வராது, ஜம்மென்று ஓடும், ஒட்டும் ஆற்றல் மட்டும் தப்பாக வரும். அப்புறம் தண்ணீர் நிரப்பும் கட்டளை கல்லின் அடுக்குகளுக்கு இடையிலுள்ள இடுக்கிலும் தண்ணீரைத் திணிக்கப் பார்க்கும். கயோலினைட்டில் இயல்பாக அங்கே தண்ணீர் இருக்காது, பார்த்து அழித்துவிடுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு கிடைப்பது உண்மையிலேயே அழகு. கயோலினைட்டின் ஹைட்ராக்சில் முகத்தில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிகள் நீட்டி நிற்கும் பக்கம்) தண்ணீர் டெக்கேனை (எண்ணெய்க்குப் பதிலாகப் போடும் எளிய ஹைட்ரோகார்பன்) தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது, சிலிக்கான்-ஆக்சிஜன் பக்கமான சிலோக்சேன் முகத்தில் எண்ணெய் அவ்வளவு சுலபமாக இடம் கொடுப்பதில்லை. கச்சா எண்ணெயில் இருக்கும் கார்பாக்சிலிக் அமிலம் சேர்த்தால் உப்புநீரின் கால்சியம் அயனி நடுவில் நின்று எண்ணெயையும் கல்லையும் கோத்துவிடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதனால்தான் வெறும் டெக்கேனைப் போட்டுவிட்டு கச்சா எண்ணெய் என்று பெயர் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

கச்சா எண்ணெயின் கனமான, பெரிய மூலக்கூறுகளான அஸ்ஃபால்டீன் போட்டால் பொறுமை வேண்டும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாவது மெதுவாக நடப்பது, சின்ன ஓட்டத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நீங்களே அடுக்கி வைத்த தொடக்கநிலைதான். சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் கரைவது, புதுப் பிணைப்பு உருவாவது போன்றவை வேண்டுமென்றால் இங்கே நேரத்தை வீணாக்காமல் நேராக, பிணைப்பு உடைவதையும் உருவாவதையும் கணக்கிடும் ரியாக்ஸ்எஃப்எஃப் ஓடும் லாம்ப்ஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்குப் போய்விடுங்கள்.