கிட் பைசெக்ட்: கெர்னல் பிழையைத் தேடிய பதினான்கு சுற்றுகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் அடுத்த பதிப்புக்கு மாறியதிலிருந்து என் மடிக்கணினி உறக்கநிலையிலிருந்து சில வேளைகளில் மீள மறுத்தது. முந்தைய பதிப்பில் அந்தக் கோளாறு இல்லை. இரண்டுக்கும் இடையே 13,000-க்கும் மேற்பட்ட கமிட்டுகள், அதாவது பதிவான நிரல் மாற்றங்கள், சேர்ந்திருந்தன. அத்தனையையும் படித்துப் பிழையைக் கண்டுபிடிப்பது ஆகாத காரியம் என்பதால், நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பேணும் கருவியான கிட்டுடனேயே வரும் பைசெக்ட் கட்டளையை நாடினேன்.

பிழையுள்ள பதிப்பை ‘பேட்’ என்றும் பிழையற்றதை ‘குட்’ என்றும் குறித்துவிட்டால், இடைப்பட்ட வரலாற்றின் ஏறத்தாழ நடுவிலிருந்து அது ஒரு கமிட்டை எடுத்துத் தருகிறது. அதைக் கம்பைல் செய்து (இயங்கும் வடிவுக்கு மாற்றி), அதைக்கொண்டு கணினியைப் பூட் செய்து, சோதித்துத் தீர்ப்புச் சொன்னதும் ஒரு பாதி கழிந்துபோகிறது. 2-ஐ 14 முறை பெருக்கினால் 16,384 என்பதால் ஏறக்குறைய பதினான்கு சுற்றுகள் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகும் நேரம்தான் சுமை. கெர்னலை அமைக்கும் ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளை மூலம் அப்போது இயங்கும் மாட்யூல்களை (தனித்தனியே ஏற்றப்படும் கெர்னல் பகுதிகளை) மட்டும் வைத்துக்கொண்டதால் என் கணினியில் அது இருபது நிமிடங்களாகக் குறைந்தது. (வழக்கமாகச் செருகும் கருவிகளையெல்லாம் முதலிலேயே செருகிவிடுவது நல்லது, இல்லையேல் அவற்றின் இயக்கிகள் விடுபட்டுவிடும்.)

முதல் முயற்சியில் கிடைத்த விடை, என் கணினியில் கம்பைலே ஆகாத, வேறு வகைச் செயலி கொண்ட ஓர் ஏஆர்எம் பலகைக்கான கமிட். தவறு என்னுடையது: ஆறாம் சுற்றில் ஒரே ஒரு முறை உறங்கவைத்துப் பார்த்து, விழித்துக்கொண்டதும் ‘குட்’ என்று சொல்லியிருந்தேன். எப்போதாவது தோன்றும் பிழையில் ‘பேட்’ என்பதை நம்பலாம். ‘குட்’ என்பது எப்போதும் ஐயத்துக்குரியது. நல்லவேளையாக, ‘பைசெக்ட் லாக்’ தந்த பதிவில் ஆறாம் சுற்றின் தீர்ப்பையும் அதற்குப் பிந்தைய வரிகளையும் நீக்கி, ‘ரீப்ளே’ மூலம் அங்கிருந்தே தொடர முடிந்தது. இந்த வசதி ஒன்றுக்காகவே கருவியை மெச்சுவேன். அதன்பின் சுற்றுக்குப் பத்து முறை சோதித்தேன்.

குறைகளும் உண்டு. கம்பைல் ஆகாத கமிட்டை ‘ஸ்கிப்’ செய்யலாம் என்றாலும், அத்தகையவை விடைக்கு அருகே குவிந்திருந்தால் ஒரே கமிட்டுக்குப் பதிலாகச் சந்தேகப் பட்டியல்தான் கிடைக்கும். தீர்ப்பை ஸ்கிரிப்டிடமே விட்டுவிடும் ‘ரன்’ வசதி அருமையானது. ஆனால் கணினியே உறைந்துபோகும் என் வகைப் பிழைக்கு அது உதவவில்லை. தனியே வளர்ந்து பின்னர் இணைக்கப்படும் கிளைகள் பழைய பதிப்புகளிலிருந்து பிரிந்தவையாதலால், நடுவழியில் ‘குட்’ பதிப்பைவிடப் பழைய எண்ணைக் காட்டும் கெர்னல் பூட் ஆவதும் புதியவர்களைத் திகைக்கவைக்கும்.

இரண்டாம் முறை அது சுட்டியது மின்மேலாண்மை தொடர்பான ஒரு சிறு மாற்றத்தை. புதிய பதிப்பில் அதை மட்டும் ‘ரிவர்ட்’ செய்து (விலக்கி) முப்பது முறை உறங்கவைத்தேன். முப்பது முறையும் மடிக்கணினி விழித்துக்கொண்டது.