ஆறு சனிக்கிழமை ஹாம் ரேடியோ வகுப்பு: பாடத்துக்கு நாலரை நட்சத்திரம், படிவத்துக்கு ஒன்று

ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது. அதற்கான லைசென்ஸ் வாங்குவதற்காக ஒரு கிளப் நடத்தும் வகுப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதி, கால்சைன் (காற்றில் நம்மை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும்) வாங்கி ஏழு மாதம் ஆகிறது. அமெரிக்காவில் லைசென்ஸ் எடுக்க நினைக்கும் தமிழர் யாருக்காவது, குறிப்பாகத் தனியாக இருக்கும் பெண்களுக்கு, உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். கிளப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நல்ல மனிதர்கள். ஆனால் ஒரு விஷயத்தில் என்னை நன்றாக மாட்டிவிட்டார்கள்.

நான் சேர்ந்த காரணம் ரொம்பச் சாதாரணம். பனிப்புயலில் மூன்று நாள் கரன்ட் இல்லை, செல்போனும் செத்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர் மட்டும் வாசலில் நின்று ஒரு கையடக்க ரேடியோவில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வயது 49, வீட்டிலிருந்தே கணக்கு வேலை, மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். சரி, இதையும் கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

முதலில் பாடம். ஆறு சனிக்கிழமை, காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். பள்ளியை விட்டு முப்பது வருடம் ஆனவளுக்கு மெகாஹெர்ட்ஸ் என்றால் தலை சுற்றும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது வாரம் ஆளுக்கொரு துணி மாட்டும் கம்பியும் ஒரு குறடும் கொடுத்தார். 300-ஐ அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வந்துவிடும். அலைவரிசை 146 மெகாஹெர்ட்ஸ் என்றால், 146-ஆல் வகுத்தால் இரண்டு மீட்டரும் சொச்சமும். அதில் கால்வாசி, ஏறக்குறைய அரை மீட்டர். "அவ்வளவுதான் ஆன்டெனா, வெட்டுங்கள்" என்றார். என் தையல் டேப்பை வைத்து அளந்து வெட்டினேன். கம்பி கோணல்மாணலாக, பெயின்ட் உரிந்து, பார்க்கச் சகிக்காது. அதை ஒரு ரேடியோவில் பொருத்தி, இருபது மைல் தள்ளி மலைமேல் இருக்கும் ரிப்பீட்டரை அவர் எழுப்பிக் காட்டியபோது எனக்குப் புல்லரித்தது. அந்தக் கம்பி இன்னும் என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது.

ரிப்பீட்டர் என்பது என்னவென்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நம் பலவீனமான சிக்னலை ஒரு அலைவரிசையில் வாங்கி, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பலமாக வெளியே விடும் கருவி. அலை ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம் இருக்கும் இந்த 'இரண்டு மீட்டர்' பேண்டில் வழக்கமாக இரண்டுக்கும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. கூடவே, காதுக்குச் சரியாகக் கேட்காத ஒரு மெல்லிய டோனும் நாம் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பல ரிப்பீட்டர்கள் கதவைத் திறக்காது. புதிதாக வருகிறவர்கள் பாதிப்பேர் "யாரும் பதில் சொல்வதில்லை" என்று நொந்துபோவது இந்த டோனைப் போட மறந்துதான். நானும் ஒரு வாரம் அப்படிச் சுவரோடு பேசினேன்.

பரீட்சை பயப்படும்படி இல்லை. தொடக்க நிலையான டெக்னீஷியனுக்கு 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் பாஸ். கேள்வித் தொகுப்பு முழுவதும் பதில்களோடு முன்கூட்டியே எல்லாருக்கும் கிடைக்கும், நானூறுக்கும் மேல் இருக்கும், அதிலிருந்துதான் கேட்பார்கள். தேர்வு நடத்துகிறவர்கள் அரசாங்க ஆட்கள் கிடையாது, ஏற்கனவே லைசென்ஸ் உள்ள தன்னார்வலர்கள் மூன்று பேராவது உட்கார்ந்து திருத்துவார்கள். நான் 33 வாங்கினேன். தவறவிட்ட இரண்டும் ஓம் விதி. கணக்கு வேலை பார்க்கிறவள் என்று வெளியே சொல்லவில்லை.

மோர்ஸ் தந்தி தெரிய வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். டெக்னீஷியனுக்கு 1991-லேயே எடுத்துவிட்டார்கள், மற்ற எல்லா நிலைகளுக்கும் 2007 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். ஆனால் பரீட்சை முடிந்து வெளியே வரும்போது நடைபாதையில் ஒரு பெரியவர், "இப்போதெல்லாம் லைசென்ஸைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறார்கள், நாங்கள் மோர்ஸ் படித்து வந்தவர்கள்" என்று என் காதுபடச் சொன்னார். 1991-லிருந்து கணக்குப் போட்டால் மனிதர் முப்பது வருடத்துக்கு மேலாக இதே மூக்குச் சிந்தல். பாவம், களைத்திருப்பார்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். ஒற்றை நட்சத்திரம் இதற்குத்தான்.

பரீட்சைக்கு முன்பு, லைசென்ஸ் தரும் அரசாங்க அமைப்பான எஃப்.சி.சி.யின் தளத்தில் பதிந்து எஃப்.ஆர்.என். என்ற பதிவு எண் வாங்க வேண்டும். ஐந்தாவது சனிக்கிழமை, வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில், எல்லாரும் போனை எடுத்து அவசர அவசரமாகப் பதிந்தோம். தபால் முகவரி என்று ஒரு கட்டம். "உங்கள் முகவரியைப் போடுங்கள்" என்றார்கள். வீட்டு முகவரியைப் போட்டேன். வேறு என்ன போடுவேன்? பரீட்சைத் தாளிலும் அதையே எழுதினேன். பாஸானதும் பணம் கட்டச் சொல்லி மின்னஞ்சல் வந்தது, பத்து நாளுக்குள் 35 டாலர், கட்டினேன். மறுநாளே கால்சைன் வந்துவிட்டது. சந்தோஷத்தில் மகளுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"அம்மா, இதை யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கே?"

"உனக்குத்தான் முதல்ல. ஏன்?"

"கால்சைனைத் தேடினா உன் பேரு, வீட்டு நம்பர், தெரு எல்லாம் வருதும்மா. மேப்பே வருது."

அமெரிக்காவில் ஹாம் லைசென்ஸ் பொது ஆவணம். பெயரும் தபால் முகவரியும் எஃப்.சி.சி. தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். மின்னஞ்சல் மட்டும் வெளியே தெரியாது. வேறு பல தளங்கள் அந்தப் பட்டியலை அப்படியே அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்கின்றன. தவிர, காற்றில் பேசும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறையும் பேச்சை முடிக்கும்போதும் கால்சைனைச் சொல்லியே ஆக வேண்டும், அது சட்டம். பொருளை மறைக்கும்படி ரகசியக் குறியீட்டில் பேசவும் கூடாது. ஆக, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வீட்டு விலாசத்துக்கான சாவியை ஊர் முழுக்க ஒலிபரப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தவிர்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தபால் பெட்டி எண் போடலாம், எஃப்.சி.சி. ஏற்றுக்கொள்ளும். உங்களுக்குத் தபால் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார்கள். ஆறு வாரத்தில் பதினெட்டு மணி நேரம் பேசினார்கள், இந்த ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை. பிறகு தபால் பெட்டி எடுத்து முகவரியை மாற்றினேன், மாற்றக் கட்டணம் கிடையாது. ஆனால் பழைய விண்ணப்பம் பழைய முகவரியோடு ஆவணத்தில் அப்படியே கிடக்கிறது. சிந்திய பாலை எங்கே அள்ளுவது.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. வாராவாரம் இரவு எட்டு மணிக்கு ரிப்பீட்டரில் நெட் நடத்துவார்கள், ஒருவர் வரிசையாகக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து நலம் சொல்வது. எனக்குக் கூச்சம். அதற்கு முன் நாலைந்து நாள் பட்டனை ஒரு நொடி அழுத்துவேன், ரிப்பீட்டர் 'க்ளக்' என்று பதில் தரும், உடனே விட்டுவிடுவேன். அதற்கே ஒரு பெயர் இருக்கிறது, கெர்ச்சங்க். கால்சைன் சொல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்று ஒரு குரல் ஒரு நாள் அதட்டியது. போனைக் கீழே போடுவதுபோல ரேடியோவைப் படுக்கையில் போட்டேன்.

செவ்வாய் இரவு, தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். கடைசி எழுத்து ஒய், அதற்கு யாங்கி என்று சொல்ல வேண்டும், வாயில் வரவில்லை, "யெல்லோ" என்று சொல்லிவிட்டேன். நெட் நடத்தியவர் சிரிக்கவில்லை. என் பெயரை இரண்டு முறை கேட்டுச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டார். என் பெயரில் ழகரம் இருக்கிறது, அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவருக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம்.

அடுத்து வந்தவர், நல்ல உற்சாகமான குரல். "வரவேற்கிறேன்! நீங்கள் அந்தத் தெருவில்தானே? தேவாலயத்தைத் தாண்டி, திரும்பினால் வலது பக்கம். அந்த வழியாகத்தான் தினமும் நாயை நடத்திக்கொண்டு போகிறேன்" என்றார். தெருப் பெயரையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேரோ. நான் நன்றி சொல்லி வெளியேறிவிட்டேன். அன்று இரவு கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மூன்று வாரம் ரேடியோவைத் தொடவில்லை.

அவர் கெட்டவர் இல்லை என்று இப்போது தெரியும். ஒரு காலத்தில் கால்சைனும் முகவரியும் தடிப் புத்தகமாக அச்சில் வந்தன. யாரிடமாவது பேசினால், பேசியதற்குச் சான்றாக கியூ.எஸ்.எல். கார்டு என்று ஓர் அஞ்சலட்டை அனுப்புவார்கள், அதற்கு முகவரி வேண்டும். நாற்பது வருடம் அப்படிப் பழகியவருக்கு, புதுக் கால்சைன் கேட்டவுடன் தேடிப் பார்த்து ஊரும் தெருவும் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை. அவர் கையில் பேனாவும் அட்டையும் இருந்தன. என் காதில் விழுந்தது யாரோ ஓர் ஆணுக்கு என் வாசல் தெரியும் என்பது.

என்னைத் திரும்ப அழைத்து வந்தவர் கிளப்பில் இருக்கும் இன்னொரு பெண், எழுபது வயதுக்கு மேல். மாதக் கூட்டத்தில் காபி இயந்திரத்தின் பக்கத்தில் பிடித்து, "நீங்கள்தானே பாதியில் காணாமல் போனது?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்தே தபால் பெட்டிதானாம். காற்றில் இடம் கேட்டால் ஊரின் எந்தத் திசை என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். பயணம் போகும்போது "இரண்டு வாரம் இருக்க மாட்டேன்" என்று நெட்டில் சொல்லாதே என்றார். என் ரேடியோவை வாங்கி மெனுவைத் துழாவி, ஏ.பி.ஆர்.எஸ். என்ற வசதியை அணைத்துக் கொடுத்தார். அது ஓடிக்கொண்டிருந்தால் நாம் நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ். வைத்துக் காற்றில் அனுப்பும், இணைய வரைபடத்திலும் புள்ளியாக வரும். தேடல் தளங்கள் சிலவற்றில் நாமே கணக்குத் திறந்து முகவரியைத் திருத்தலாம் என்பதும் அவர் சொன்னதுதான். புதியவருக்கு வழிகாட்டுகிறவரை ஹாம்கள் எல்மர் என்பார்கள், 1971-இல் கியூ.எஸ்.டி. பத்திரிகையில் வந்து நிலைத்த பெயர். இந்த எல்மருக்குச் சேலை கட்டிவிட்டால் என் பெரியம்மா.

ஹாம்களின் மொழியில் பெண்கள் எல்லாரும் ஒய்.எல்., அதாவது யங் லேடி, வயது எதுவானாலும். எழுபதைத் தாண்டிய அவரும் யங் லேடி. இதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு வாரம் முன்பு பாடம் நடத்தியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "எனக்குத் தோன்றவே இல்லை, என் முகவரி முப்பது வருடமாக அதில் இருக்கிறது" என்றார். அடுத்த வகுப்புக்கான பதிவுத் தாள் நோட்டீஸ் பலகையில் தொங்குகிறது, போன வாரம் பார்த்தேன். முகவரிக் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: "லைசென்ஸில் போடும் முகவரி எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். தபால் பெட்டி போடலாம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள்." கீழே ஏழு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் மூன்று பேர் முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.