கத்தரியா, இயந்திரமா? ஒயின் திராட்சைப் பறிப்பு: ஓர் ஒப்பீடு

ஒயின் திராட்சையைக் கையால் பறிப்பதா, இயந்திரம் விட்டுப் பறிப்பதா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் பலரும் முடிவோடுதான் வருகிறார்கள்: கை என்றால் தரம், இயந்திரம் என்றால் மலிவு. புட்டியின் மேல் "கையால் பறித்தது" என்று பெருமையாக அச்சிடுகிறார்கள். இயந்திரத்தை அப்படி அச்சிட்டு நான் பார்த்ததில்லை. இந்த முடிவில் பாதிதான் உண்மை. எந்தச் சரிவில், எந்தக் கொடியில், எந்த ஒயினுக்காக என்று கேட்காமல் இரண்டில் ஒன்றை உசத்தி என்று சொல்ல முடியாது. அதோடு, கையால் பறிப்பது என்று சொல்லும்போது அந்தக் கைக்குரிய ஆள் ஒருவர் வெயிலில் நிற்கிறார். அவரைக் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு அரைகுறைதான்.

முதலில் இரண்டும் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். கையால் பறிப்பவர் சிறு கத்தரியால் கொத்தின் காம்பை வெட்டி வாளியில் போடுகிறார். அழுகியது, காயாக நிற்பது, பறவை கொத்தியது எல்லாம் அவர் கண்ணில் படும், அங்கேயே விலக்கிவிடுவார். இயந்திரம் வேறு மாதிரி. கொடி வரிசைக்கு இரண்டு பக்கமும் சக்கரம் ஓட, வரிசையை நடுவில் விட்டு மேலாகவே போகிற உயரமான வண்டி அது. உள்ளே இருக்கும் வளையும் தண்டுகள் கொடியை இரண்டு பக்கமிருந்தும் உலுக்கும். பழுத்த பழம் காம்பைக் கொடியிலேயே விட்டுவிட்டு உதிரும். கீழே ஓடும் பட்டைகள் அதை வாங்கித் தொட்டிக்குக் கொண்டுபோகும். வழியில் விசிறிகள் இலைதழைகளை உறிஞ்சி வெளியே தள்ளும். ஆக, ஆலைக்கு வந்து சேரும் சரக்கே வேறு. கையால் பறித்தால் முழுக் கொத்து. இயந்திரம் பறித்தால் உதிரிப் பழம், அதிலும் ஒரு பகுதி உடைந்து சாற்றில் மிதக்கும். மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

முழுக் கொத்து தேவைப்படும் இடம்

பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் சுமார் 34,000 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அங்கே இயந்திரப் பறிப்புக்கு விதியே இடம் தருவதில்லை. பழமைப் பற்று என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அங்கே பயிராகும் மூன்று முக்கிய வகைகளில் பினோ நுவார், மூனியே இரண்டும் கருந்திராட்சை. அவற்றிலிருந்து எடுப்பதோ பெரும்பாலும் வெள்ளை ஒயின். நிறம் தோலில்தான் இருக்கிறது, சாறு ஏறக்குறைய நிறமற்றது. பழம் தோட்டத்திலேயே உடைந்து, சாறும் தோலும் ஒன்றாகக் கிடந்தால் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கிவிடும். அதனால் கொத்தைக் கொத்தாகவே கொண்டுவந்து, காம்போடு மெதுவாகப் பிழிகிறார்கள். இடையில் இருக்கும் காம்புகள் சாறு வடிய வழி விடுகின்றன. 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டர் சாறுதான் எடுக்கலாம். முதலில் வரும் 2,050 லிட்டர் உயர்ந்த பங்கு, அடுத்த 500 லிட்டர் இரண்டாம் பங்கு. பழம் சுமக்கும் பெட்டியில் சாறு தேங்காமல் ஓட்டைகள் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் விதி உண்டு. இவ்வளவு கவனத்தையும் உலுக்கும் இயந்திரம் முதல் நிமிடத்திலேயே வீணாக்கிவிடும்.

பிரான்சின் இன்னொரு வட்டாரமான போஜொலேயின் ஒயின் கதையும் இதேதான். முழுக் கொத்துகளைத் தொட்டியில் அடுக்கி, கரியமில வாயு சூழ்ந்த நிலையில் பழத்தின் உள்ளேயே நொதித்தலைத் தொடங்க வைப்பது அங்கே வழக்கம். தோல் கிழிந்த பழத்தில் அது நடக்காது.

உடைவதே நன்மையாகும் இடம்

இப்போது நியூசிலாந்தின் மார்ல்பரோவுக்கு வருவோம். அந்த நாட்டுத் திராட்சைத் தோட்டப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. பெரும்பகுதி சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை வகை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அறுவடை. சமவெளி, நேரான வரிசை, கம்பி கட்டிய கொடி என்பதால் பெரும்பாலும் இயந்திரம்தான், அதுவும் பகல் இரவு பாராமல்.

இந்த ஊர் ஒயினை உலகம் விரும்புவது பேஷன் ஃப்ரூட், கிரேப்ஃப்ரூட் போல மூக்கில் வந்து மோதும் அந்த மணத்துக்காக. ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே தோட்டத்துத் திராட்சையைக் கையாலும் இயந்திரத்தாலும் பறித்து ஒயின் செய்து ஒப்பிட்டபோது, அந்த மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் இயந்திரம் பறித்த ஒயினில்தான் கூடுதலாக இருந்தன. பழம் உடைந்து காற்றுப் படும்போது, வெட்டிய புல்லின் வாசம் தரும் சேர்மங்கள் உண்டாகின்றன. அவை பழத்திலேயே உள்ள கந்தகப் பொருட்களோடு சேர்ந்து மணத்தின் கச்சாப்பொருளாக மாறுகின்றன. நொதிக்கும்போது ஈஸ்ட் அதிலிருந்து மணத்தை விடுவிக்கிறது. ஷாம்பெய்னில் எது கேடோ அதுவே இங்கே நன்மை. "கைதான் எப்போதும் மேல்" என்று யாராவது சொன்னால் முதலில் காட்ட வேண்டிய சான்று இது.

இயந்திரத்துக்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இலைத்துண்டு, காம்புத்துண்டு, நத்தை, பூச்சி எல்லாம் சேர்ந்தே வரும். உடைந்த சாறு கெடாமலிருக்கத் தோட்டத்திலேயே கந்தக டையாக்சைடு போட வேண்டியிருக்கும். ஆலை தூரத்தில் இருந்தால் போய்ச் சேர்வதற்குள் தோலிலிருந்து துவர்ப்பு இறங்கும். கடந்த இருபது வருடங்களில் வண்டியிலேயே காம்பைப் பிரிக்கும் கருவியும், பழத்தைப் படம்பிடித்துத் தரம் பிரிக்கும் கருவியும் வந்து இந்தக் குறைகளில் பாதியைச் சரிசெய்துவிட்டன. ஆனால் ஒரே கொத்தில் நல்ல பழத்தை மட்டும் எடுத்து மற்றதை அடுத்த வாரத்துக்கு விட்டுவைக்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. பிரான்சின் சோத்தேர்ன் இனிப்பு ஒயினுக்கு அதுதான் வேண்டும். அங்கே ஒருவகைப் பூஞ்சை பிடித்துச் சுருங்கிய பழங்களை மட்டும் தேடி, அதே கொடிக்குப் பலமுறை திரும்பி வருகிறார்கள்.

சரிவு விஷயத்தில் பேச்சே இல்லை. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் பிரெம் ஊருக்கு மேலே இருக்கும் கால்மொன்ட் தோட்டம் ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான தோட்டங்களில் ஒன்று. மனிதர் நிற்பதே பாடு. கம்பி கட்டாமல் குட்டைப் புதராக வளர்க்கும் பழங்கொடிகளிலும் இந்த வண்டிக்கு வேலை இல்லை. ஆஸ்திரேலியாவின் பரோசாவில் 1843இல் நட்ட கொடிகள்கூட இன்னும் காய்க்கின்றன, அப்படிப்பட்ட கிழட்டுக் கொடிகளை உலுக்கிப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

கடிகாரமும் வெயிலும்

இயந்திரத்தின் பெரிய பலம் வேகம். ஒரு கணக்குப் போடலாம். 10 ஹெக்டேர் தோட்டத்தில் ஹெக்டேருக்கு 10 டன் என்றால் மொத்தம் 100 டன். தேர்ந்த ஆள் ஒரு நாளில் அரை டன்னிலிருந்து ஒரு டன் வரை பறிப்பார். அப்படியானால் 100 முதல் 200 ஆள் நாட்கள். இயந்திரம் மணிக்கு அரை ஹெக்டேர் போனாலே 20 மணி நேரத்தில் முடிந்தது. நாளை மறுநாள் மழை, மழை வந்தால் அழுகல் என்ற நிலையில் இந்த வித்தியாசம் ஒரு வருட உழைப்பையே காப்பாற்றும். செலவும் பொதுவாகக் குறைவு. ஆனால் வண்டியின் விலை சில லட்சம் டாலர். சிறு தோட்டக்காரர் வாடகைக்குத்தான் எடுக்க முடியும், அப்போது அவருக்கு வேண்டிய நாளில் வண்டி கிடைக்க வேண்டும்.

அவசரம் வருடத்துக்கு வருடம் கூடுகிறது. பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் உள்ள போன் (Beaune) நகரில் 1354 முதல் அறுவடைத் தேதிகளின் பதிவு கிடைக்கிறது. 1988க்குப் பிறகு அறுவடை பழைய சராசரியைவிட ஏறக்குறைய 13 நாள் முந்திவிட்டது. முன்பு செப்டம்பர் கடைசியில், இளங்குளிரில் நடந்த வேலை இப்போது கோடை வெயிலின் வாலில் நடக்கிறது. சூடான பழம் ஆலைக்குள் வந்தால் மணம் போகும், குளிரூட்ட மின்சாரமும் கூடும். எனவே இரவுப் பறிப்பு. இயந்திரத்துக்கு இரவும் ஒன்றுதான், பகலும் ஒன்றுதான். கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் விளக்கு வெளிச்சத்தில் கையாலேயே இரவில் பறிக்கிறார்கள். முழுக் கொத்தும் கிடைக்கிறது, குளிர்ச்சியும் கிடைக்கிறது. தரத்தை மட்டும் பார்த்தால் எனக்கு இதுதான் முதல் தேர்வு. ஆனால் அதற்கான கூலியைத் தாங்கும் விலையில் ஒயின் விற்க வேண்டும்.

நம் நாட்டு நாசிக்கில் அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பெரும்பாலும் கையால்தான், வெயில் ஏறுவதற்கு முன். அங்கே கூலி இருக்கும் நிலையில் இயந்திரம் கட்டுப்படியாகாது.

பறிக்கும் ஆள்

ஷாம்பெய்னுக்கு ஒவ்வோர் அறுவடைக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் தேவை. உள்ளூரில் அவ்வளவு பேர் கிடையாது. ஒப்பந்தக்காரர்கள் கூட்டிவருகிறார்கள். 2023 செப்டம்பரில், 30 டிகிரி தாண்டிய வெயிலில், அந்த வட்டார அறுவடைத் தொழிலாளர்களில் குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள். அதே அறுவடையின்போது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை மனிதர் தங்கவே முடியாத ஒரு வீட்டில் அடைத்து வைத்திருந்தது வெளியே தெரிந்தது. 2025 ஜூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் அந்த வழக்கில் மூன்று பேரை ஆள்கடத்தல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. உலகின் விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று விளையும் மண்ணில் இது நடந்திருக்கிறது. "கையால் பறித்தது" என்ற வரியைப் படிக்கும்போது இது எனக்கு நினைவில் வராமல் இருப்பதில்லை.

இயந்திரம் இந்தப் பாவத்தை முழுதாகத் துடைத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். மார்ல்பரோவில் பறிப்பது இயந்திரம். ஆனால் குளிர்காலத்தில் கொடி வெட்டுவதும் கட்டுவதும் மனிதர்கள். 2007இல் தொடங்கிய பருவகால வேலைத் திட்டத்தின் கீழ் வனுவாட்டு, சமோவா, டோங்கா போன்ற தீவுகளிலிருந்து வருகிறார்கள். தோட்டத்தில் கை இல்லாமல் போகவில்லை, வேறு மாதத்துக்கு மாறியிருக்கிறது.

அதனால் என் தீர்ப்பு இப்படி. சமவெளியில், கம்பிக் கொடியில், சோவினியோன் பிளாங்க் போன்ற வகைக்கு இரவில் இயந்திரம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஷாம்பெய்ன், போஜொலே, மோசல், சோத்தேர்ன் நான்குக்கும் கைதான், வேறு வழியில்லை. ஆனால் கையை விதியாக வைக்கிற ஊர் அந்தக் கைக்கும் பொறுப்பேற்க வேண்டும். சுரண்டப்பட்ட ஆட்கள் பறித்த திராட்சைக்கு ஷாம்பெய்ன் என்ற பெயரே கொடுக்கக் கூடாது என்று அங்குள்ள தொழிற்சங்கத்தினர் கேட்கிறார்கள். பெட்டியில் ஓட்டை இல்லாவிட்டால் விதிமீறல் என்று சொல்லும் ஊருக்கு இது பெரிய கோரிக்கை அல்ல.