பொது ஃபோரமா, கேள்வி–பதில் ஃபோரமா? மூடுலில் மதிப்பெண் தரும் விவாதத்துக்கு எது சரி

மூடுல் (Moodle) என்ற இணையவழி வகுப்புத் தளத்தில் ஃபோரம் என்னும் விவாதப் பகுதியைச் சேர்க்கும்போது 5 வகைகள் வரும். பலர் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும் பொது ஃபோரத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சந்தேகம் கேட்கவும் அறிமுகம் செய்துகொள்ளவும் அது போதும். மதிப்பெண் உண்டென்றால் கேள்வி–பதில் வகையைத்தான் எடுக்கச் சொல்வேன். பொது ஃபோரத்தில் முதலில் எழுதிய நாலைந்து பேரின் பதிலையே மற்றவர்கள் சொல் மாற்றி எழுதுவார்கள். யாருடையது சொந்தச் சிந்தனை என்று பிரித்தெடுக்க வழியிருக்காது.

கேள்வி–பதில் வகையில் தன் பதிலைப் போடும்வரை மற்றவர் பதில் கண்ணில் படாது. இதன் உண்மையான பலம் அடுத்த 30 நிமிடத்தில் இருக்கிறது. பதில் போட்டதும் கதவு திறந்துவிடாது. திருத்த அனுமதித்த நேரம் முடிந்த பிறகே மற்றவை தெரியும். ஒரு புள்ளியை மட்டும் போட்டு உள்ளே நுழைந்து, பிறர் பதிலைப் படித்துவிட்டுத் தன்னுடையதைத் திருத்தும் தந்திரம் இங்கே பலிக்காது. படிக்கக் கிடைக்கும்போது திருத்தும் வாய்ப்பு முடிந்திருக்கும். இரண்டாவது பதிவு போடலாம் என்பதால், “முதல் பதிவுக்கு மட்டுமே மதிப்பெண்” என்று ஃபோரத்தின் விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இந்த 30 நிமிடம் தளம் முழுவதற்குமான அமைப்பு; நிர்வாகி அதை மாற்றியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். 1 நிமிடமாகக் குறைத்திருந்தால் எழுத்துப்பிழையைக்கூட மாணவர்களால் திருத்த முடியாது.

சறுக்கும் இடங்கள் சில. கேள்வியை விளக்கத்தில் மட்டும் எழுதினால் போதாது. ஆசிரியரே அதை ஒரு விவாதமாகத் தொடங்க வேண்டும். தனிக் குழு முறை (ஒரு குழுவின் பதிவு மற்றக் குழுவுக்குத் தெரியாத அமைப்பு) இருந்தால் “அனைவருக்கும்” என்று போட்ட கேள்விக்கு மாணவர்களால் பதில் எழுத முடியாது. குழுவுக்கு ஒன்றாகப் போட வேண்டும். முதல் பதிவுக்கும் பிறர் பதிவுக்கு எழுதும் மறுமொழிக்கும் தனித்தனிக் கடைசித் தேதி வைக்கும் கட்டம் இல்லை. கடைசித் தேதிக் கட்டத்தில் மறுமொழிக்கான நாளை, உதாரணமாக ஞாயிற்றுக்கிழமையை, வையுங்கள். முதல் பதிவுக்குப் புதன் இரவு 9 மணி என்பதை விளக்கத்தில் எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் கைமாறும் பதிலை எந்த ஃபோரமும் தடுக்காது. அதற்குக் கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். “மழைநீர் சேகரிப்பின் பயன் என்ன” என்பதை விட்டு, “உங்கள் வீட்டுக் கூரையின் பரப்பை அளந்து, 10 மி.மீ. மழைக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள்” என்று கேளுங்கள். 50 சதுர மீட்டர் கூரைக்கு இழப்பைக் கழிக்காமல் 500 லிட்டர். இருவர் விடை தசமம்வரை ஒத்துப்போனால் விசாரிக்கலாம். மூடுலின் தனிப்பட்ட மறுமொழி மாணவர்களில் அந்த ஒருவருக்கு மட்டுமே தெரியும். ஆனால் அவர் அதற்குப் பதில் எழுத முடியாது. ஆகவே அதில் குற்றம் சாட்டாமல், பேச ஒரு நேரத்தை மட்டும் குறிப்பிடுங்கள். எல்லோர் முன்னும் கேட்டால் தவறு செய்யாத பிள்ளையும் கூசிப்போகும்.

கருத்து மோதலிலும் இந்த வகைக்கே என் ஓட்டு. எல்லோரும் முதலிலேயே ஒரு நிலைப்பாட்டை எழுதிவிட்டதால், சண்டை ஆளைவிட்டு எழுத்தின்மீது திரும்புகிறது. மறுப்பவர் எதிராளியின் ஒரு வரியை மேற்கோளிட்டு, அதற்கு எதிரான ஒரு சான்றைத் தர வேண்டும் என்று விதி வையுங்கள். அப்படியும் சூடேறினால் பதிவுத் தடை அமைப்பில் 1 நாளைக்கு 5 பதிவு, 3-இல் எச்சரிக்கை என்று கொடுங்கள்.

30, 40 பேர் வகுப்புக்கு இது தாராளம். 200 பேருக்கு இதே முறையை நான் அவ்வளவு துணிந்து பரிந்துரைக்க மாட்டேன். முதலில் 8 பேர் குழுக்களாகப் பிரித்துப் பாருங்கள்.